கார்டா, இஎம்எம்சியா, எஸ்எஸ்டியா: சின்ன போர்டுக்கு எதைப் போடுவது?

அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் பக்கத்து அரிசி ஆலைகள், தாமிரபரணிக் கரையோரப் பம்ப் ஷெட்டுகள், ராதாபுரம், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகள். இந்த இடங்களில் சுவரில் மாட்டும் பெட்டிக்குள் ராஸ்பெர்ரி பை மாதிரியான ஒற்றை போர்டு கணினியை வைத்து, சூடு, நீர்மட்டம், காற்றின் வேகம் என்று கணக்கெடுத்துக் கொடுப்பது என் தொழில். ஆர்டர் கொடுக்க வருகிறவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி போடுதிய தம்பி?" என்றுதான்.

ஜிபி எனக்குக் கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன. இந்தப் பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதும்? அந்த இடத்தில் கரண்ட் எப்படிப் போகும்? சேமிப்பகம் கெட்டுப்போனால் அதை மாற்றப்போவது யார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மெமரி கார்டா, இஎம்எம்சியா (போர்டிலேயே பற்றவைத்த சேமிப்பகம்), எஸ்எஸ்டியா (தனியாக இணைக்கும் சேமிப்பு டிரைவ்) என்பது தானாகவே தெளிந்துவிடும். கிடைக்காமல் எதை வாங்கினாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், நம்பிக்கையின் பேரில் ஓடுகிற பெட்டிதான் அது.

முதலில் எழுத்தை அளக்க வேண்டும்

கார்டு, இஎம்எம்சி, எஸ்எஸ்டி மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஃபிளாஷ்தான், கரண்ட் இல்லாவிட்டாலும் தகவலைப் பிடித்துவைத்திருக்கும் சிப். ஃபிளாஷில் ஒரு எழுத்தை மட்டும் அழித்து அதே இடத்தில் இன்னொன்றை எழுத முடியாது. எழுதுவது சில கேபி அளவுள்ள பக்கங்களாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய கட்டமாக, பெரும்பாலும் எம்பி கணக்கில். ஒவ்வொரு கட்டத்தையும் இத்தனை தடவைதான் அழிக்கலாம் என்று ஒரு எல்லை உண்டு. ஒரு செல்லில் ஒரே பிட் வைக்கும் எஸ்எல்சி ஒரு லட்சம் தடவை வரை தாங்கும். மூன்று பிட் திணிக்கும் டிஎல்சி ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை. நான்கு பிட் திணிக்கும் க்யூஎல்சி அதற்கும் கீழே. கடையில் கிடைக்கும் சாதாரண கார்டின் உறையில் உள்ளே எந்த வகை என்று அச்சிட்டிருக்க மாட்டார்கள். டிஎல்சி, அல்லது அதற்கும் கீழ் என்று நினைத்துக்கொண்டே கணக்குப் போடுவது நல்லது.

ஒரு அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் டிரையரை எடுத்துக்கொள்வோம். எட்டு இடத்தில் சூடு அளக்கும் சென்சார். நொடிக்கு ஒரு வரி எழுதுகிறோம், வரிக்கு 80 பைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி. மொத்தம் 7 எம்பி கூட இல்லை. "இவ்வளவுதானே, எந்தக் கார்டும் தாங்குமே" என்று தோன்றும்.

ஆனால் அந்த வரியை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் நொடிக்கொரு தடவை கமிட் செய்தால், அதாவது நிலையாகப் பதியச் சொன்னால், நடப்பது வேறு. ஒவ்வொரு கமிட்டுக்கும் முதலில் ஜர்னல் கோப்பு (பாதியில் நின்றால் மீட்பதற்கான குறிப்பு) ஒன்று பிறக்கும், பழைய பக்கம் அதில் நகலாகும், பிறகு புதிய பக்கம் தரவுத்தளத்தில் ஏறும், ஜர்னல் கோப்பு அழியும். இந்தக் கோப்பு பிறந்ததையும் அழிந்ததையும் லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தன் பங்குக்குத் தனி ஜர்னலில் குறித்துக்கொள்ளும். குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு கமிட்டுக்கு 4 கேபி அளவில் ஆறு எழுத்து, அதாவது 24 கேபி. நாளைக்கு 2 ஜிபி. 7 எம்பி தகவலுக்கு 2 ஜிபி எழுத்து.

கார்டுக்குள் போனபின் இன்னும் பெருகும். அங்கங்கே சிதறி விழும் 4 கேபி எழுத்துக்காக, கார்டை நடத்தும் மலிவான கண்ட்ரோலர் சிப் ஒரு பெரிய கட்டத்தையே நகர்த்தி எழுதும். பத்து மடங்கு பெருகுகிறது என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 20 ஜிபி. 32 ஜிபி கார்டு ஆயிரம் சுற்று தாங்கும் என்றால் மொத்தம் 32,000 ஜிபி. 1,600 நாள் ஓடும். ஐம்பது மடங்கு பெருகினால் 320 நாள்தான். ஒரே மாதிரி இரண்டு ஆலையில் ஒரே மாதிரிப் பெட்டி வைத்தும் ஒன்று வருஷக்கணக்கில் ஓடுவதும், இன்னொன்று அடுத்த பிசான நெல் பருவத்துக்குள் படுத்துவிடுவதும் இப்படித்தான் நடக்கிறது. உறையில் போட்ட வேகத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது.

இதற்கு மருந்து கார்டில் இல்லை, எழுதும் முறையில் இருக்கிறது. நான் ஆலைக்காரரிடம் நேராகவே கேட்டுவிடுவேன்: "அண்ணாச்சி, திடீர்னு கரண்ட் போயி, கடைசி ஒரு நிமிசத்துச் சூட்டுக் கணக்கு இல்லாமப் போனா உங்களுக்கு நட்டமா?" வழக்கமாக வரும் பதில்: "ஒரு நிமிசம் என்ன தம்பி, அஞ்சு நிமிசம் போனாலும் நெல்லு அங்கனதான் கெடக்கும்." அப்படியானால் அறுபது வரியை நினைவகத்தில் வைத்திருந்து நிமிடத்துக்கு ஒரே கமிட்டாக எழுதலாம். ஒரு கமிட் 28 கேபி என்றாலும் நாளைக்கு 1,440 கமிட், 40 எம்பி. எழுத்து ஐம்பதில் ஒரு பங்காக இறங்கிவிட்டது, அதுவும் ஒரு ரூபாய் செலவில்லாமல். இதைச் செய்யாமல் விலை கூடிய கார்டு வாங்கிப் போடுவது, தொட்டியில் ஓட்டையை விட்டுவிட்டு மோட்டாரைப் பெரிதாக்குகிற வேலை.

ஊகத்தை விட்டு நேரடியாக அளக்கவும் வழி இருக்கிறது. ஐஓடாப் கருவியைக் கூட்டுத்தொகை காட்டும் முறையில் விட்டுவைத்தால் எந்த நிரல் எவ்வளவு எழுதியது என்று பட்டியல் வரும். லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு புள்ளிவிவர வரி வைத்திருக்கிறது. அதில் ஏழாவது எண், ஆன் செய்ததிலிருந்து எழுதப்பட்ட செக்டர்கள், அதாவது 512 பைட் துண்டுகள். இன்று காலை அந்த எண்ணைக் குறித்து, நாளை காலை மறுபடி பார்த்து, வித்தியாசத்தை 512-ஆல் பெருக்கினால் ஒரு நாள் எழுத்து பைட் கணக்கில் கிடைத்துவிடும். ஒரு முழு நாள் ஓடவிட்டு அளக்க வேண்டும். ராத்திரியில் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலை, லாக் கோப்புகளைச் சுருட்டும் வேலை எல்லாம் அப்போதுதான் கணக்கில் விழும்.

அளந்தால் பெரும்பாலும் தெரியவருவது, நம் நிரலைவிட சும்மா கிடக்கும் சேவைகள்தான் அதிகம் எழுதுகின்றன என்பது. சிஸ்டம் ஜர்னலை (சிஸ்டத்தின் நிகழ்வுப் பதிவை) நினைவகத்தோடு நிறுத்திவிடுங்கள். தற்காலிகக் கோப்புறையை நினைவகத்திலேயே இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வையுங்கள். நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப்பைக் கார்டிலிருந்து எடுத்து, நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேமுக்கு மாற்றுங்கள். திரையில் பக்கம் காட்டும் பெட்டி என்றால் பிரவுசரின் கேஷையும் நினைவகத்துக்குத் தள்ளுங்கள்.

கரண்ட் போகும் விதம்

நம் பக்கம் கரண்ட் இரண்டு விதமாகப் போகும். ஒன்று, பட்டென்று அணைவது. இன்னொன்று, அணையாமல் இறங்குவது. அரைக்கும் மோட்டார் ஸ்டார்ட் ஆகிற நொடியில் ஆலைக்குள் டியூப்லைட் ஒரு தடவை சிமிட்டும், பார்த்திருப்பீர்கள். அந்த நொடியில் மலிவான அடாப்டரின் 5 வோல்ட்டும் கூடவே இறங்கும். ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும், நினைவிலும் குறித்துக்கொள்ளும். இந்தமுறை ஆன் ஆனதிலிருந்து ஒரு தடவையாவது வோல்டேஜ் இறங்கியதா என்று போர்டிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கார்டு அடிக்கடி கெடுகிறது என்று யாராவது சொன்னால் நான் கார்டைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்ப்பேன். நல்ல அடாப்டரும் தடித்த, குட்டையான கேபிளும் போட்டதிலேயே தீர்ந்த புகார்கள் நிறைய.

பட்டென்று அணைவதில் வேறு ஆபத்து. "இஎக்ஸ்டி4-இல் ஜர்னல் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்பார்கள். கோப்பு முறைமை மட்டத்தில் காப்பாற்றும். ஆனால் கார்டுக்குள் கண்ட்ரோலர் தனக்கென ஒரு அட்டவணை வைத்திருக்கிறது, எந்த எண்ணுள்ள பக்கம் ஃபிளாஷில் எங்கே கிடக்கிறது என்று. அதை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால், நாம் தொடவே தொடாத பழைய கோப்புகள்கூடக் காணாமல் போகலாம். அந்த அட்டவணை ஜர்னலுக்கும் அடியில் இருக்கிறது, அங்கே லினக்ஸின் கை எட்டாது. அதனால்தான் எழுதாமல் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நாளெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கும் பெட்டிக்கு, கரண்ட் போகும் நொடி எழுதும் நொடியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதும் பெட்டிக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இரண்டாவது பாதுகாப்பு பேட்டரி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும், 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வெர்ட்டர் ஒன்றும் போதும். 84 வாட்-மணி இருக்கிறது. பாதியைத்தான் பயன்படுத்தினாலும், 5 வாட் தின்னும் ராஸ்பெர்ரி பை 4 ஏழெட்டு மணி நேரம் ஓடும். மெயின் கரண்ட் இருக்கிறதா என்பதை ஆப்டோகப்ளர் (மின்தொடர்பில்லாமல் சிக்னல் கடத்தும் சிப்) வழியாக போர்டின் ஒரு ஜிபிஐஓ பின்னுக்குக் கொடுத்துவிட்டால், கரண்ட் போனதும் நிரல் நினைவகத்தில் இருப்பதை எழுதி முடித்து, பேட்டரி இறங்கும்போது ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் இது இல்லாத பெட்டியை நான் எங்கும் மாட்டுவதில்லை.

பெட்டியை வெளியே அனுப்புவதற்கு முன் மேசையில் ஒரு சோதனை வைப்பேன். சப்ளை வரும் வழியில் ஒரு டைமர் ரிலேவை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கரண்டைப் பட்டென்று வெட்டி மறுபடி கொடுக்கும்படி விட்டுவிடுவேன். பேட்டரி இணைக்காமல்தான். நிரல் ஒவ்வொரு தடவை எழும்போதும் வரிசை எண் ஒன்றை எழுதி, தொடர்ந்து வழக்கமான வேலையைச் செய்யும். ராத்திரி முழுக்க இப்படி ஓடட்டும். காலையில் வரிசை எண்ணில் விடுபடல் இருக்கிறதா, தரவுத்தளம் தன்னைத்தானே சரிபார்க்கும்போது பிழை சொல்கிறதா, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஏதாவது திருத்தியதா என்று பார்த்தால் போதும். இந்த ஒரு ராத்திரியில் தெரிகிற விஷயம் எந்த விளம்பரத்திலும் தெரியாது.

எந்த இடத்துக்கு எது

மைக்ரோ எஸ்டி கார்டு. எழுத்து நாளைக்கு நூறு எம்பிக்குள், ஆள் போய்வரக்கூடிய இடம், உரிமையாளரே கழற்றி மாற்றலாம் என்றால் இதுவே போதும். வாங்கும்போது கிளாஸ் 10, வி30 என்ற எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை கேமராவுக்காகத் தொடர்ச்சியாக எழுதும் வேகத்தைச் சொல்பவை. சிஸ்டம் ஓடுவதற்கு வேண்டியது ஏ1, ஏ2 குறி. ஏ1 என்றால் நொடிக்கு 1,500 சிதறிய வாசிப்பும் 500 சிதறிய எழுத்தும் உறுதி. ஏ2-க்கு 4,000-மும் 2,000-மும். ஆனால் ஏ2-இன் எண்கள் கிடைக்க வேண்டுமென்றால் கட்டளைகளை வரிசைப்படுத்தும் வசதியைப் போர்டும் கெர்னலும் ஆதரிக்க வேண்டும். ஆதரிக்காத பழைய போர்டில் ஏ2-க்குக் கூடுதல் பணம் வீண். நல்ல கம்பெனி ஏ1 போதும். ஹை என்டியூரன்ஸ் என்று விற்பது காருக்குள் வீடியோ பதியும் கேமராவை மனதில் வைத்துச் செய்தது. சாதாரணத்தைவிட மேல், ஆனால் சிதறி எழுதுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. உண்மையிலேயே தாங்க வேண்டும் என்றால் தொழிற்சாலை ரகம், அதிலும் எஸ்எல்சி போல ஒரு பிட் முறையில் ஓடும் பிஎஸ்எல்சி கார்டு. அது மைனஸ் 40-லிருந்து 85 டிகிரி வரை வேலை செய்யும் ரகத்தில் கிடைக்கிறது. விலை பல மடங்கு, கொள்ளளவு குறைவு. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நமக்கு 8 ஜிபியே அதிகம்.

எங்கே வாங்கினாலும் கார்டை முதலில் எஃப்3 கருவியால் முழுக்க எழுதி, முழுக்கத் திரும்ப வாசித்துச் சரிபாருங்கள். 32 என்று எழுதி 8 மட்டுமே உள்ளே இருக்கும் போலிகள் முதல் 8 ஜிபி வரை அசலைப் போலவே நடந்துகொள்ளும். பெட்டி மாட்டி மாதங்கள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் கணக்கு பாழாகியிருக்கும்.

இஎம்எம்சி. போர்டிலேயே பற்றவைத்த ஃபிளாஷ். பீகிள்போன் பிளாக் என்ற போர்டில் முதலில் 2 ஜிபி, பிறகு வந்த சி ரகத்தில் 4 ஜிபி இருந்தது. கேரியர் போர்டில் செருகும் பதிப்பான ராஸ்பெர்ரி பையின் கம்ப்யூட் மாட்யூல் 4-இல் 8, 16, 32 ஜிபி உண்டு. அதிர்வு இருக்கும் இடத்துக்கு இதுதான் என் முதல் தேர்வு. ராதாபுரம் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று ஓயாது. கோபுரத்தின் அடியில் கண்ட்ரோல் பேனலுக்குள் நாள் முழுக்க மெல்லிய நடுக்கம், மதியத்தில் அடுப்புச் சூடு, கதவைத் திறந்தால் செம்மண் தூசி. கார்டின் ஸ்லாட்டில் இருப்பது வெறும் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் தகடுகள். தூசியும் நடுக்கமும் சேர்ந்தால் கார்டு நன்றாக இருக்கும்போதே தொடுப்பு விட்டுப்போகும். பற்றவைத்ததற்கு அந்தப் பிரச்சினை இல்லை. சிஸ்டத்துக்கும் தரவுக்கும் சேர்த்து ஒரே இஎம்எம்சி வைப்பதானால் எழுத்தை மேலே சொன்னபடி கட்டாயம் குறைக்க வேண்டும். தேய்ந்துவிட்டால் மொத்த மாட்யூலையும் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இஎம்எம்சி உள்ள கம்ப்யூட் மாட்யூல் 4-இல் எஸ்டி கார்டுக்கான பாதையை இஎம்எம்சியே எடுத்துக்கொள்ளும். அடியில் உள்ள கேரியர் போர்டில் கார்டு ஸ்லாட் இருந்தாலும் வேலை செய்யாது. கார்டு வேண்டும் என்று நினைத்தால் இஎம்எம்சி இல்லாத லைட் ரகம் வாங்க வேண்டும். மற்றொன்று, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற இன்னொரு கணினியோடு யுஎஸ்பி கேபிளில் இணைத்து ஆர்பிஐபூட் நிரல் வழியாகத்தான் முடியும். காற்றாலை அடியில் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலைதான், ஆனால் லேப்டாப் இல்லாத காவலரிடம் போனில் சொல்லிச் செய்யவைக்க முடியாது.

யுஎஸ்பி வழி எஸ்எஸ்டி. பை 4-க்கு 2020-இலிருந்து யுஎஸ்பியிலிருந்தே நேராக பூட் ஆகும் வசதி வந்துவிட்டது. நாளைக்கு ஜிபி கணக்கில் எழுத்து, ஆனால் அதிர்வில்லாத அறை: கடை, அலுவலகம், பள்ளிக்கூட லேப். அங்கே இது சரி. சிக்கல் பெரும்பாலும் எஸ்எஸ்டியில் வராது, நடுவில் இருக்கும் அடாப்டரில் வரும். சில அடாப்டர் சிப்கள் யுஏஎஸ் என்ற வேகப் பரிமாற்ற முறையில் பை-யோடு ஒத்துப்போகாமல் திடீரென்று காணாமல் போய்த் திரும்ப வரும். பூட் வரியில் அந்த அடாப்டரின் அடையாள எண்ணைக் கொடுத்து யுஏஎஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிற்காமல் ஓடும். பை 4-இன் நான்கு யுஎஸ்பி துளைக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும் என்பதையும் மறக்காதீர்கள். மோடமும் எஸ்எஸ்டியும் ஒன்றாகச் செருகினால் எல்லையைத் தொட்டுவிடும். தனி சப்ளை உள்ள ஹப் போடுங்கள். யுஎஸ்பி 3 கேபிளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும், ஆண்டெனாவை விட்டுக் கேபிளை விலக்கி வையுங்கள். பென் டிரைவை எஸ்எஸ்டிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் கார்டைவிட மட்டமான கண்ட்ரோலர்.

என்விஎம்இ. 2023-இல் வந்த பை 5-இல் வேகமான இணைப்பான பிசிஐஇ 2.0 பாதை ஒன்று இருக்கிறது; எம்.2 பலகையை மேலே வைத்து என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டலாம். கேபிள் தொங்காது, திருகு போட்டு இறுக்கலாம், அடாப்டர் தகராறு இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு யுஎஸ்பி எஸ்எஸ்டியைவிட இதைத்தான் சொல்வேன். பிசிஐஇ-யை ஜென் 3 வேகத்துக்கு ஏற்றலாம் என்று ஒரு அமைப்பு உண்டு. அந்த போர்டுக்கு அது சான்றளிக்கப்பட்ட வேகம் இல்லை. ஊர்க்கோடியில் தனியாக ஓடப்போகும் பெட்டிக்கு அதைத் தொட வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க். கேமரா பதிவுக்கு மட்டும். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் என்றால் நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. பதினைந்து நாள் பதிவு வேண்டுமென்றால் 2.6 டிபி. டவுனில் நகைக்கடை, ஜவுளிக்கடைக்காரர்கள் "128 ஜிபி கார்டு ஒண்ணு போட்டா பத்தாதா?" என்று கேட்டால் இந்தக் கணக்கை எழுதியே காட்டுவேன். அந்தக் கார்டு ஒரு நாள்கூடத் தாங்காமல் நிறைந்து, திரும்பத் திரும்ப மேலெழுதியே தேய்ந்துபோகும். கண்காணிப்புக்கென்றே செய்த ஹார்ட் டிஸ்கும், அதற்கு 12 வோல்ட் தனி சப்ளையும் போடுங்கள். சிஸ்டம் மட்டும் கார்டில் இருக்கட்டும்.

கார்டைப் பிரிக்கும் முறை

எந்தச் சேமிப்பகமானாலும் நான் மூன்றாகப் பிரிப்பேன். 32 ஜிபி கார்டு என்றால் பூட்டுக்கு 512 எம்பி, சிஸ்டத்துக்கு 6 ஜிபி, தரவுக்கு 8 ஜிபி. மீதி அத்தனையும் பிரிக்காமல் வெறுமையாக விட்டுவிடுவேன். வாங்கினவர் "பாதிக்கு மேல சும்மா கெடக்கே" என்பார். சும்மா கிடக்கவில்லை. தேய்மானத்தை எல்லாக் கட்டத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும் கண்ட்ரோலருக்கு அந்த வெற்றிடம்தான் புழங்கும் இடம். இன்னொரு காரணமும் உண்டு: 32 ஜிபி என்று விற்கும் இரண்டு கம்பெனிக் கார்டுகள் ஒரே அளவில் இருக்காது. முழுக்கப் பிரித்த கார்டின் நகல் இன்னொரு கம்பெனிக் கார்டில் கொஞ்சம் மிஞ்சி, ஏறாமல் போகும். குறைத்துப் பிரித்தால் எந்தக் கார்டிலும் ஏறும்.

பூட், சிஸ்டம் இரண்டும் வாசிக்க மட்டும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அமைப்பு நிரலில் ஓவர்லே கோப்பு முறைமை என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்தால் சிஸ்டத்தில் எழுதுவதெல்லாம் நினைவகத்துக்குப் போய், ரீபூட்டில் மறைந்துவிடும். பூட் பகுதி எஃப்ஏடி வகை, அதற்கு ஜர்னலே கிடையாது. அதையும் வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். தரவுப் பகுதி ஒன்றுதான் எழுதத் திறந்திருக்கும். அது சிதைந்தாலும் போர்டு எழும், நெட்வொர்க்கில் வரும், தூரத்திலிருந்து சரிசெய்ய முடியும். சிஸ்டம் சிதைந்தால் பஸ் ஏறிப் போக வேண்டும்.

ஓவர்லே போட்டபின் பலர் தடுக்கும் இடம் கடிகாரம். பை 4-லும் அதற்கு முந்தையவற்றிலும் பேட்டரிக் கடிகாரம் இல்லை. கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அடுத்த தடவை எழும்போது அங்கிருந்து தொடரும். ஓவர்லேயில் அந்தக் கோப்பும் மறைந்துவிடும். சிம் சிக்னல் இல்லாத பம்ப் ஷெட்டில் கரண்ட் போய் வந்தால், சிஸ்டம் ஏற்றிய நாளின் தேதியிலேயே போர்டு எழுந்து, கார் பருவத்து நீர்மட்டத்தைப் பங்குனித் தேதியில் எழுதிக்கொண்டிருக்கும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று வைத்தால் தீர்ந்தது. பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்கிச் செருக வேண்டும். அதேபோல வைஃபை பாஸ்வேர்டை உரிமையாளர் மாற்றினால் ரீபூட்டில் பழையதற்கே போய்விடும். ஓவர்லேயை அணைத்து, மாற்றி, மறுபடி போடும் முறையைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தரவுப் பகுதிக்கு இஎக்ஸ்டி4-ஐயே வைத்துக்கொள்கிறேன். ஃபிளாஷுக்கென்றே சாம்சங் எழுதி 2013-இல் லினக்ஸ் 3.8-இல் சேர்ந்த எஃப்2எஃப்எஸ் நல்ல வடிவமைப்பு. ஆனாலும் சிதைந்தபின் மீட்டெடுக்கும் கருவிகள் இஎக்ஸ்டி4-க்குத்தான் அதிகம் பழகியவை. எழுத்தைக் குறைத்துவிட்ட பெட்டியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமும் தெரியாது.

நகலும் மாற்றுக் கார்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி இரு கரையையும் மீறியது. அப்படியொரு தண்ணீருக்கு முன்னால் பிஎஸ்எல்சியும் ஒன்றுதான், போலிக் கார்டும் ஒன்றுதான். ஆற்றோரம் மாட்டும் பெட்டியை இப்போது சுவரில் வெள்ளக் கறை இருக்கும் உயரத்துக்கு மேலேதான் மாட்டுகிறேன். தரவு தினமும் ராத்திரி ஒருமுறை பெட்டியை விட்டு வெளியேற வேண்டும்: சிம் இருந்தால் ஆர்சிங்க் என்ற நகல் கருவியில் சர்வருக்கு, இல்லையென்றால் உரிமையாளர் மாதம் ஒருமுறை செருகி எடுக்கும் பென் டிரைவுக்கு. இதற்கு மட்டும் பென் டிரைவ் போதும்.

கார்டு பெட்டி என்றால், சரிபார்த்த இன்னொரு கார்டில் அதே சிஸ்டத்தை ஏற்றி, சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். மேலே ஏற்றிய தேதி. போனில் சொல்லும் வார்த்தைகளும் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, மொதல்ல சுவிட்ச அணைங்க. பேட்டரி வயரையும் கழத்திருங்க. செவப்பு லைட்டு போச்சா? சரி, போர்டுக்கு அடியில வெரல விட்டா கார்டு தட்டுப்படும். அமுக்காதிய, நேரா இழுங்க, வந்துரும்." பை 3 முதல் இந்த ஸ்லாட்டில் அழுத்தி எடுக்கும் ஸ்பிரிங் கிடையாது, இழுத்தால் வரும். பழகிய பை 2 நினைப்பில் அழுத்தினால் கார்டு உடையும்.

இஎம்எம்சி பெட்டியில் இப்படி மாற்ற முடியாது. அதனால் முன்கூட்டியே தேய்மானத்தைப் படிக்க வேண்டும். 5.0 தரத்திலிருந்து இஎம்எம்சி தன் ஆயுளைத் தானே சொல்லும். எம்எம்சி யூட்டில்ஸ் கருவியில் ஆயுள் மதிப்பீட்டைக் கேட்டால் ஒரு எண் வரும்: 1 என்றால் தேய்மானம் பத்து சதவீதத்துக்குள், 2 என்றால் இருபதுக்குள், அப்படியே ஏறும். இந்த எண்ணையும் தினசரித் தரவோடு சேர்த்து அனுப்பும்படி வைத்திருக்கிறேன். முதல் வருஷத்தில் 1-ஐத் தாண்டினால் எழுத்து எங்கோ கசிகிறது, ஐஓடாப்பை மறுபடி ஓடவிட வேண்டும். 7 வந்தால் மாற்று மாட்யூலுக்கு ஆர்டர் போட்டு, காற்றுக் காலம் முடிந்து இறக்கைகள் நிற்கும் மாதத்தில் போய் மாற்றிவிட்டு வருவேன். எஸ்எஸ்டிக்கு ஸ்மார்ட் அறிக்கையில் இதே தகவல் சதவீதமாகவே கிடைக்கும். சாதாரண எஸ்டி கார்டு இப்படி எதையும் சொல்லாது. அதற்கு நாள் குறித்து வைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, கார் அறுப்புக்கும் பிசான நடவுக்கும் இடைப்பட்ட ஓய்வில் கார்டை மாற்றிவிடுங்கள்.